செல்லாயி அக்கா பெயர்த்த தரை

செல்லாயி அக்கா போய்விட்டார் என்று யட்டியாந்தோட்டையிலிருந்து தங்கச்சி போனில் சொன்னபோது இங்கே மழை பிடித்திருந்தது. எனக்கு உட்காரத் தோன்றவில்லை. எழுந்து வீட்டுப் பின்புறத்து மேட்டைப் பார்த்துவிட்டு வந்துதான் அழுதேன்.

ஒரே கூரைக்கடியில் வரிசையாகக் குடியிருந்த நம் லயத்துக்காரர்களுக்கு அவரைத் தெரியும். ரப்பர் மலையில் என் பக்கத்து வரிசையில் பால் வெட்டியவர். மழை நாளில் பால்வெட்டு இல்லை. நாமெல்லாம் போர்வைக்குள் சுருண்டு கிடப்போம். அக்கா மட்டும் லயத்துக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். மலை ஊற்றிலிருந்து பீலியில் விழும் தண்ணீர் கலங்கியிருக்கிறதா, நின்றுவிட்டதா, மேட்டு மரம் சாய்ந்திருக்கிறதா, நிலவெடிப்பின் இருபுறமும் தாம் அடித்த குச்சிகள் விலகியிருக்கின்றனவா என்று பார்ப்பார். "மல சொல்லிட்டுத்தான் வரும். நாமதான் காது குடுக்கிறதில்ல" என்பார். இரண்டு முறை அவர் பேச்சைக் கேட்டுக் குழந்தை குட்டிகளோடு கோயிலுக்கு ஓடினோம். ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு அவருக்கு மழைப்பைத்தியம் என்று முதலில் சொன்னவள் நான்தான். என் வாய் அப்படி.

தங்கச்சியைப் பெண் பார்க்கக் கரவனெல்லையிலிருந்து வருவதாக இருந்த வாரம், லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் தரையில் ஒரு வெடிப்பு விழுந்தது. விரல் போகும் அளவு. விருந்தாளி வந்தால் தரை மெழுகுவது நம் வழக்கம்தானே. அவர்கள் வருவதற்கு முந்தின இரவு களிமண்ணைக் குழைத்து வெடிப்பில் அடைத்து, மேலே சாணி மெழுகி, கோலமும் போட்டுவிட்டேன். ஆபத்து தெரியாமல் இல்லை. வெளியே சொன்னால் காம்பராவைக் காலி பண்ணச் சொல்வார்கள், சம்பந்தம் கைவிட்டுப் போகும் என்ற பயம். அதற்கு முன்பே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

வந்தவர்கள் பாயில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பகல் பதினொரு மணி, கொட்டும் மழை. அக்கா மண்வெட்டியோடு சொட்டச் சொட்ட உள்ளே வந்தார். வெளியே வெடிப்பு எங்கள் பின்சுவருக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"பீலி நின்னுபோச்சு. எல்லாரும் எந்திரிங்க!"

"போக்கா, மானத்த வாங்காத" என்று பிடித்துத் தள்ளினேன்.

அவர் என்னோடு மல்லுக்கு நிற்கவில்லை. கோலத்தின் மேல் ஒரே போடு. பூச்சு பெயர்ந்தது. அடியில் வெடிப்பு கை நுழையும் அளவு அகன்றிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா "அய்யய்யோ" என்று முதலில் ஓடினார். அக்கா கதவு கதவாகத் தட்டி லயத்தையே கிளப்பினார். நாங்கள் கோயில் வாசலை அடைவதற்குள் மேடு இறங்கி மூன்று காம்பராக்களை மூடிவிட்டது. ஒன்று எங்களுடையது, ஒன்று அக்காவுடையது.

கோயிலுக்குத் தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை வந்து, "தரை வெடிச்சத யாரும் முன்னாடியே பாக்கலியா?" என்று கேட்டார். என் நகங்களில் களிமண் காய்ந்திருந்தது. கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டேன். அக்கா அதைப் பார்த்தார்.

"நேத்து இல்லீங்க தொர. இன்னைக்கித்தான் வெடிச்சிச்சு" என்றார்.

பிறகொரு நாள் அந்தப் பேச்சை எடுத்தேன். "போடி, வேலயப் பாரு" என்று வெட்டிவிட்டார். சம்பந்தம் முறிந்தது. தங்கச்சி உயிரோடு இருக்கிறாள்.

மழை பிடித்தால் இருப்புக்கொள்ளாத இந்தக் கால்கள்தான் அக்காவிடமிருந்து எனக்கு வந்தவை. கூடவே அந்தப் பொய்யும் என்னிடம் இருக்கிறது. மலையைப் பற்றி அவர் சொன்ன ஒரே பொய் அது, எனக்காகச் சொன்னார். இனி அதை என்னால் வைத்துக்கொண்டிருக்க முடியாது. என் லயத்துச் சனங்களே, தரை வெடித்ததை மூன்று நாள் முன்பே நான் பார்த்தேன். நீங்களெல்லாம் உள்ளே தூங்கிக்கொண்டிருக்க, அதைப் பூசி மெழுகினேன்.