அரிசி டின்னுக்குள் ஒரு நாவல்

நூலகப் புத்தகத்தின் மீது புகார் வந்தால், இரவல் வாங்கியவனைத்தான் முதலில் பிடிப்பார்கள் என்று முட்டாள்தனமாக நம்பியிருந்தேன். தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் பற்றிய நாவலை நீக்கச் சொல்கிறார்கள் என்று கேள்விப்பட்டதுமே, என்னிடமிருந்ததை அரிசி டின்னுக்குள் புதைத்தேன்.

மறுநாள் நூலகர் அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணே, அந்த நாவலோட உடனே வாங்க லா. கூட்டம் நடக்குது."

சிம்பாங் பூலாயிலிருந்து ஈப்போ நூலகம் வரை மோட்டார் சைக்கிளை விரட்டினேன். புகார் கொடுத்தவர்கள் முறைத்தார்கள். நாவலை மேசையில் வைத்தேன், அரிசி உதிர்ந்தது.

"நம்மகிட்ட இந்த ஒன்னுதான் இருக்கு. இவங்க யாரும் படிக்கல. நீங்க சொல்லுங்கண்ணே, இதுல என்ன தப்பு இருக்கு?" என்றார் நூலகர்.

"நான் இன்னும் பிரிக்கவே இல்லம்மா!"

கூட்டம் தள்ளிப்போனது. என்னை யாரும் பிடிக்கவில்லை. நீக்கச் சொன்னவர்களும், ஒளித்துவைத்த நானும், அதில் ஒரு பக்கம்கூடப் படித்திருக்கவில்லை.