நான் துவைத்த இருபத்திரண்டு படங்குகள்

போன வருஷம் ஜூலை மாதம், டிக்கோயாவுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நேரம். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டு முன் காம்பராவில் தையல் மெஷின் போட்டு, தோட்டத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ரொம்பப் பயந்த சுபாவம். ஒரு கொக்கியைத் தளர்வாக வைத்துவிட்டேனோ என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருப்பேன். யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்களோ என்ற கவலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

எங்கள் தோட்டத்துக் கீழ் டிவிஷனில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் ஓவியர். தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். தேயிலைச் சாயத்தைச் சுண்டக் காய்ச்சி, அதையே மையாகத் தொட்டு வரைவார். கொழும்பில் இரண்டு மூன்று தடவை கண்காட்சி வைத்திருக்கிறார், ஒரு தடவை இந்தியாவிலும் வைத்தார். ஆனால் எங்கள் ஆட்கள் ஒருவரும் அதையெல்லாம் பார்த்ததில்லை. ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு கொழும்புக்குப் போய்ப் படம் பார்க்க யாரால் முடியும்? அதனால் முதல் தடவையாக ஹட்டன் டவுனிலேயே ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைக்கப் போவதாகச் சொன்னார். சனிக்கிழமை திறப்பு. நம் ஆட்கள் வந்து பார்க்க வேண்டும் என்று எட்டு மாதமாக அலைந்துகொண்டிருந்தார்.

அந்தத் திங்கட்கிழமை ஒரு பெரிய மூட்டையோடு என் வீட்டுக்கு வந்தார். அவிழ்த்தால் உள்ளே எல்லாம் பழைய படங்கு. கொழுந்து எடுக்கும்போது செடி குத்தாமல், ஈரம் ஏறாமல் இருக்க பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டுவார்களே, அந்த வெள்ளைச் சாக்குத் துணி. லயம் லயமாகப் போய் இருபத்திரண்டு பெண்களுடையதைக் கேட்டு வாங்கியிருக்கிறார். மூங்கிலில் கோத்துத் தொங்கவிட, ஒவ்வொன்றுக்கும் மேலே இரண்டு காது தைத்துத் தர வேண்டும் என்றார். போகும்போது, "வேற ஒன்னும் செய்ய வேணாங்க அக்கா. அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் செய்த தப்பு அங்கேதான். எங்கள் பக்கத்தில் "அப்படியே இருக்கட்டும்" என்பது மரியாதைக்குச் சொல்லும் பேச்சு. பசியோடு வந்தவரும் சாப்பிட்டாச்சு என்பார், நாம் சோறு போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அப்படித்தான் இதையும் எடுத்துக்கொண்டேன். மூட்டையைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசே ஆறவில்லை. எல்லாவற்றிலும் கொழுந்துக் கறை, சேறு, சிலதில் அட்டை கடித்த ரத்தம்கூடக் காய்ந்து கிடந்தது. இதையா டவுன் மண்டபத்தில் தொங்கவிடுவது? வாத்தியார்மார் வருவார்கள், வெளியூர் ஆட்கள் வருவார்கள். லயத்துச் சனம் இப்படித்தான் என்று மூக்கைப் பிடிப்பார்களே. அதுவும் தைத்தது யார் என்று கேட்டால் என் பேரைத்தானே சொல்வார்கள்!

செவ்வாய்க்கிழமை முழுவதும் தண்ணீர் கொட்டுகிற பீலியில் நின்று துவைத்தேன். சோப்புக்கு மசியாததை வெளுக்கிற பவுடரில் ஊறப்போட்டு, கை எரிய எரியத் தேய்த்தேன். வெயில் இல்லாததால் அடுப்புக்கு மேலே கயிறு கட்டி, இரண்டிரண்டாகக் காயவைத்தேன். காது தைத்து, மடித்து, மடிப்பு நிற்க மெத்தைக்கு அடியில் வைத்தேன். அந்தத் தங்கச்சி பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படும் என்று நினைத்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். அடுக்கின் மேலே இருந்ததை எடுத்து விரித்தார். அடுத்ததை விரித்தார். பிறகு விரிக்கவில்லை. என் மெஷின் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆனால் மெதுவாகத்தான் சொன்னார்.

"அக்கா, அந்தக் கறைதாங்க படம். நான் அதுல ஒன்னும் வரையப் போறதில்ல. அவுங்க வரைஞ்சதத்தான் மாட்டப் போறேன்."

எனக்கு அழுகை வந்தது. அவர்தான் எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தார். தான் சரியாகச் சொல்லியிருக்க வேண்டும், தன் மேலும் பிழை இருக்கிறது என்றார். மண்டபத்தில் ஒரு பக்கச் சுவர் முழுவதையும் இதற்காகவே ஒதுக்கியிருக்கிறாராம். அதை வெறுமையாக விட்டுவிடலாம், மற்றப் படங்கள் இருக்கின்றன என்று எனக்குச் சமாதானம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

எப்போதும் யோசித்து யோசித்தே ஒன்றும் செய்யாமல் இருக்கிறவள் நான். அன்றைக்கு எப்படித்தான் அந்த எண்ணம் வந்ததோ தெரியவில்லை. துவைத்ததையெல்லாம் சாக்கில் போட்டுத் தலையில் தூக்கிக்கொண்டு, அவரையும் இழுத்துக்கொண்டு கொழுந்து எடுக்கும் மலைக்கு ஏறினேன். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுக்கிற பகல் நிறுவைக்குப் பெண்கள் எல்லாரும் கூடையோடு வரிசையில் நின்றார்கள். படங்கு கொடுத்த பெண்கள்தான். எல்லார் இடுப்பிலும் இப்போது கட்டுகிற படங்கு, நனைந்து, கறையோடு.

இத்தனை பேருக்கு முன்னால் நின்று பேசுவது எனக்கு இதுவே முதல் தடவை. நடந்ததைச் சொல்லி, துவைத்ததை வாங்கிக்கொண்டு கட்டியிருப்பதைத் தரச் சொல்லிக் கேட்டேன். முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் ஒரே சிரிப்பு. எனக்கு நாலு வீடு தள்ளி இருக்கிற அக்கா ஒருவர், வாய்க்குப் பேர் போனவர், கூடையை இறக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அழுக்கு போகலன்னு அழுவுறவளப் பாத்திருக்கேன். போயிருச்சுன்னு அழுவுறவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்டி."

சொல்லிக்கொண்டே முதல் ஆளாகப் படங்கை அவிழ்த்து என் கையில் போட்டார். பிறகு எல்லாரும் அவிழ்த்தார்கள். இலவசமாகப் படங்கு கொடுக்கிறார்கள் என்று நினைத்து அடுத்த மலையிலிருந்து நாலைந்து பேர் ஓடிவந்துவிட்டார்கள். கங்காணி ஐயா சத்தம் போடுவார் என்று பயந்துகொண்டே இருந்தேன். அவர் துவைத்த ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்பிடித் தொவைக்கிறதா இருந்தா என் சட்டையவும் அனுப்புறேன்" என்று மட்டும் சொன்னார். அன்று வேலைக்கு வராத இரண்டு பேரிடம் வீட்டுக்கே போய் வாங்கினோம்.

அன்று சாயந்தரம் முழுவதும் உட்கார்ந்து திரும்பவும் காது தைத்தேன். அப்போதுதான் அந்தக் கறையை முதல் தடவையாக நிதானமாகப் பார்த்தேன். தேயிலைச் செடி உரசி உரசி, ஒவ்வொரு படங்கிலும் வில் மாதிரி ஒரு கறுப்புக் கோடு. உயரமான பெண்ணுக்கு அது தொடைக்குக் கீழே, குள்ளமான பெண்ணுக்கு இடுப்பருகே. ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறவர்களுக்குக் கோடும் சாய்ந்திருந்தது. இவர்கள் எல்லாருடைய அளவும் எனக்கு மனப்பாடம். கையில் எடுத்ததுமே இது இன்னாருடையது என்று சொல்ல முடிந்தது. எத்தனையோ வருஷமாக என் கண் முன்னால் இருந்ததை நான் அழுக்கு என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

ஒன்றுக்கு மட்டும் மாற்றுக் கிடைக்கவில்லை. அந்தப் படங்குக்காரி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது, அவர் விட்டுப் போன படங்கைக் கணவர்தான் எடுத்துக் கொடுத்திருந்தார். அவருடையது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அதை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சினேன். அந்தத் தங்கச்சி கேட்கவில்லை. "அவுங்க எடமும் இருக்கணுங்க அக்கா" என்று சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை மண்டபத்தில் நான் நினைத்தே பார்க்காத கூட்டம். எங்கள் பெண்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு, ஈரக் கொழுந்து வாசம் போகாத தங்கள் படங்குக்கு முன்னால் நின்று போட்டோ எடுத்தார்கள். யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. தோட்டத்தை விட்டு டவுனில் குடியேறிய ஒரு வாத்தியார், ஒரு படங்குக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த வெள்ளைப் படங்குக்கு முன்னால்தான் நான் மாட்டிக்கொண்டேன். குவைத்தில் இருப்பவரின் கணவர் அங்கே நின்று போனில் மனைவிக்கு வீடியோவில் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாருடையதும் கறையாக இருக்க, தன்னுடையது மட்டும் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று மனைவி போனில் கேட்டார். கணவர் என் பக்கம் போனைத் திருப்பிவிட்டார். ஓட முடியாது. நான்தான் துவைத்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். அவர் சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

"பத்திரமா வச்சிருங்க அக்கா. நான் வந்து அழுக்காக்கிக்கிறேன்."

கண்காட்சி முடிந்ததும் அந்த ஒன்றை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன். மற்றவை இப்போது கண்டியிலும் கொழும்பிலும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தங்கச்சி அடுத்து ஏதோ வரையப் போகிறாராம், தைக்க நான்தான் வேண்டுமாம். இதில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. நான் துவைத்துக் கொடுத்த படங்குகளில் காது இருந்ததால், கயிற்றை அதில் கோத்துக் கட்ட வசதியாக இருக்கிறதாம். எங்கள் மலையில் பாதிப் பேர் இப்போது என்னிடம் வந்து படங்குக்குக் காது வைத்துக்கொண்டு போகிறார்கள். வாங்கும்போதே, "தொவைக்கவா, வேணாமா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறேன்.

என் பயந்த சுபாவம் இன்னும் போகவில்லை, ஆனால் ஒருவர் பட்ட பாட்டின் அடையாளத்தைத் தேய்த்து மறைப்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை என்று அத்தனை வருஷமாக நான் நினைத்திருந்தது மட்டும் அன்றோடு என்னை விட்டுப் போய்விட்டது.