கொசு எழுதிய பரீட்சை

ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பெயர் கொசு. ஊசி குத்துவதற்கு முன்னால் வருகிறவர்களிடமெல்லாம் "கொசு கடிச்ச மாதிரிதாங்க இருக்கும்" என்று சொல்லிச் சொல்லி, பதினாலு வருஷத்தில் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. நேரில் கொசு அக்கா, முதுகுக்குப் பின்னால் வெறும் கொசு. அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை.

நரம்பு தேடுவது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. பருத்த கை, வற்றிய கை, நாலு பேர் நாலு இடத்தில் குத்திக் கறுத்துப்போன கை, எதுவானாலும் முழங்கை மடிப்பில் இரண்டு விரலை வைத்துவிட்டுச் சுவரைப் பார்ப்பாள். "இங்க இருக்கு" என்பாள். இருக்கும். டாக்டர்களே தங்கள் பிள்ளைகளுக்கு ரத்தம் எடுக்க வேண்டுமென்றால் அவள் எந்த ஷிப்டில் இருக்கிறாள் என்று விசாரித்துக்கொண்டுதான் அழைத்து வருவார்கள்.

மயங்கி விழப்போகிறவர்களையும் அவள் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஒல்லிப்பிச்சான்கள் அநேகமாக விழுவதில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு, கதவு நிறைய வருகிற ஆள்தான் விழுவார். முதலில் கொட்டாவி விடுவார். அடுத்து மேலுதட்டில் பொட்டுப் பொட்டாக வியர்க்கும். விரலைத் தொட்டால் ஜில்லென்றிருக்கும். அந்தக் கொட்டாவியைத் தூக்கக் கொட்டாவி என்று நினைக்கிறவர்கள் இந்த வேலைக்கு லாயக்கில்லை என்பது அவள் கட்சி. வீட்டுக்குப் போனதும், அன்றைக்கு எத்தனை மீசை சாய்ந்தது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்டவளிடம் சான்றிதழ் மட்டும் இல்லை. அவள் வேலைக்குச் சேர்ந்தது குப்பி கழுவ. பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து, ஆள் வராத ஒரு நாளில் ஊசியைக் கையில் எடுத்தாள். அதற்கப்புறம் யாரும் திருப்பிக் கேட்கவில்லை, இந்த வருஷம் வரைக்கும். இந்த வருஷம் ஒரு சுற்றறிக்கை வந்தது. சான்றிதழ் இல்லாதவர்கள் வருஷக் கடைசிக்குப் பிறகு ஊசியைத் தொடக் கூடாது. தேர்வுக்கு மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தேறாவிட்டால் குப்பி கழுவப் போகலாம்.

நாற்பத்தொரு வயதில் அவள் மாலை வகுப்பில் சேர்ந்தாள். கூடப் படித்ததெல்லாம் இருபது வயதுப் பிள்ளைகள். வகுப்பில் வாத்தியாருக்கு வந்த சந்தேகத்தைக்கூட அவள்தான் தீர்த்துவைத்தாள்.

முதல் பரீட்சையில் வினாத்தாள் கைக்கு வந்ததும் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்ந்தது. முதல் கேள்வி, ரத்தம் எடுப்பதற்கு ஏற்ற நரம்பை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள் என்பது. அவள் தன் முழங்கையைப் பார்த்தாள். நரம்பு அங்கேயே இருந்தது. அதைப் பற்றி எழுத ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. நாற்பது நிமிஷத்தில் எழுந்து வந்துவிட்டாள். வீட்டில், "கேள்வி சரியில்ல" என்றாள்.

படித்தது போதவில்லை என்று முடிவுகட்டி, இரண்டாம் முறைக்குப் புத்தகத்தைத் தலைகீழாக மனப்பாடம் செய்தாள். பரீட்சைக்கு முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சோறு இறங்கவில்லை. இந்தத் தடவை கை ஓடத்தான் செய்தது. விடைத்தாளின் முதல் பக்கத்தில் தேர்வு எண்ணை எழுதினாள், தேதியை எழுதினாள், பழக்க தோஷத்தில் நேரத்தையும் எழுதினாள். அதற்குக் கீழே "வெறும் வயிறு" என்று எழுதிக் கோடு போட்டாள். ரத்தக் குப்பியில் ஒட்டுகிற சீட்டில் அப்படித்தான் எழுதுவது. எழுதியதில் பொய்யில்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு மூன்று பக்கம் என்ன எழுதினாள் என்பது இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

மதிப்பெண் பத்தொன்பது. பரிசோதனைக் கூடத்தின் பொறுப்பாளர் அதைப் பார்த்துவிட்டு, "வெறும் வயித்துக்கு ஒரு மார்க்காவது போட்டிருப்பாங்கம்மா" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு பஞ்சு எடுத்து வருகிறேன் என்று சாமான் அறைக்குப் போய், பஞ்சுப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதாள். அவமானம் பிடுங்கித் தின்றது. பஞ்சை மறக்காமல் எடுத்து வந்தாள்.

வீட்டுக்காரருக்குப் பழுதான மோட்டார்களுக்குக் கம்பிச் சுருள் சுற்றுகிற தொழில். எதையும் பிரித்துப் பார்த்தால் பழுது தெரிந்துவிடும் என்று நம்புகிறவர். அவள் வெங்காயம் நறுக்கும்போது அவர் புத்தகத்திலிருந்து கேள்வி கேட்பார். எந்தப் பக்கத்தில் கேட்டாலும் பதில் வரும். "எல்லாம் உள்ள இருக்கு. அப்புறம் எங்க போய் அறுந்துபோகுது?" என்று மண்டையைக் குடைந்துகொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் மேஜையை ஒழித்தார். கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தார். கல்யாணங்களுக்கு மட்டும் போடுகிற முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்தார்.

"பேசக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. எழுதலாம்."

அவள் சிரிக்கத்தான் நினைத்தாள். கொட்டாவி வந்தது. பேனாவைத் திறப்பதற்குள் இன்னொன்று.

"என்னம்மா, தூக்கமா வருது?"

"தூக்கமா? ஆளப் பாரு! பதினாலு வருஷமா கொட்டாவி..." என்று சீறத் தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தாள். ஈரம். விரல்களைக் கன்னத்தில் வைத்தாள். ஜில்லென்றிருந்தது.

"ஏங்க, நான் விழப்போறேன்."

அவர் ஓடிவந்து நாற்காலியைப் பிடித்தார்.

"இப்ப இல்லங்க. பரீட்சைல. ரெண்டு தடவையும் விழுந்திருக்கேன். உக்காந்துக்கிட்டே விழுந்ததால யாருக்கும் தெரியல."

ஊரில் உள்ளவன் கொட்டாவியெல்லாம் தெரிந்த தனக்குத் தன் கொட்டாவி தெரியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் அவள் சொல்லிச் சிரித்த மீசைக்காரர்கள் எல்லாரும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தார்கள், அதுவும் சங்கடமாக இருந்தது. ஆனாலும் நெஞ்சில் ஏதோ இறங்கி லேசானது. படிப்பு ஏறாத மண்டை என்றால் அவளால் ஒன்றும் செய்ய முடியாது. விழப்போகிற ஆளை என்ன செய்வதென்று அவளுக்கு அத்துப்படி.

அந்த ஆளிடம் பயப்படாதீங்க என்று மட்டும் அவள் சொல்லமாட்டாள். அப்படிச் சொல்லி யாரும் விழாமல் இருந்ததில்லை, அதைக் கேட்ட பிறகு விழுந்தவர்கள் உண்டு. சாப்பிட்டாச்சா என்று கேட்பாள். முகத்தை ஊசிக்கு எதிர்ப்பக்கம் திருப்பிவிடுவாள். தொடையை இறுக்கி, அஞ்சு எண்ணி, தளர்த்தச் சொல்வாள். "லேசா குத்தும், அவ்வளவுதான்" என்று உள்ளதைச் சொல்வாள்.

அடுத்த ஆறு ஞாயிறும் முழுக்கைச் சட்டை வெளியே வந்தது. முதலில் பத்து நிமிஷப் பரீட்சை, பிறகு அரை மணி, பிறகு முழுதாக மூன்று மணி. வினாத்தாளை மொத்தமாகப் பார்த்தால்தான் எறும்பு ஊர்கிறது என்று கண்டுபிடித்து, ஒரு அட்டையால் மூடிக்கொண்டு ஒவ்வொரு கேள்வியாகத் திறந்தாள். வீட்டுக்காரர் கொட்டாவிகளைப் பென்சிலால் குறித்துவைத்தார். முதல் வாரம் பதினொன்று, கடைசி வாரம் நாலு. "சுத்தமா நிக்கலையே" என்று கவலைப்பட்டார்.

"நிக்காது போலிருக்குங்க. இருந்துட்டுப் போகட்டும்."

பரீட்சையன்று இரண்டு முட்டையும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டுப் போனாள். மணி அடித்ததும் நெஞ்சு பழையபடி திக்திக்கென்று அடித்தது. இவ்வளவு பாடுபட்டதற்கு அது கொஞ்சமாவது அடங்கியிருக்கலாம் என்று அவளுக்குக் கோபம். கொட்டாவி வந்தது. தொடையை இறுக்கினாள், அஞ்சு எண்ணினாள், தளர்த்தினாள். நுழைவுச்சீட்டால் வினாத்தாளை மூடினாள். "லேசா குத்தும்" என்றாள். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

"என்னம்மா?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

"உங்களுக்கு இல்ல சார்."

முதல் கேள்வியை விட்டுவிட்டாள். மூன்றாவது கேள்வி, ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்வது என்பது. அதில் இரண்டு வரி எழுதியதும் விரலில் சூடு வந்தது. பிறகு எழுதினாள். நடுவில் இருமுறை எறும்பு ஊர்ந்தது, இருமுறையும் நிறுத்தி அஞ்சு எண்ணிவிட்டுத் தொடர்ந்தாள். கடைசி மணி அடித்தபோது இரண்டு கேள்விகள் பாக்கி இருந்தன.

நாற்பது நாள் கழித்து, காலை வரிசையின் நடுவில் பொறுப்பாளர் உள்ளே வந்தார்.

"அம்பத்தி நாலும்மா."

"அதுக்கு என்ன சார் அர்த்தம்?"

"அம்பது எடுத்தா போதும்னு அர்த்தம்."

அவள் நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, வெளியே வரிசை நிற்கிறதே என்று பாராமல் வாய்விட்டு அழுதாள். பொறுப்பாளர் ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு மேஜை மேலிருந்த படிவக் கட்டை அவள் பக்கம் தள்ளினார். ஒவ்வொரு படிவத்தின் அடியிலும் ரத்தம் எடுத்தவர் கையெழுத்து என்று ஒரு கட்டம் உண்டு. இத்தனை வருஷமும் எடுத்தது அவள், சாயங்காலம் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டது அவர்.

"இனிமே நீங்களே போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். ஒரு பெரியவர் வந்து உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, முழங்கையை நீட்டினார். அவள் படிவத்தைச் சரிபார்த்துப் பேனாவை எடுத்தாள். ஊசி பிடித்து ஒரு நாளும் நடுங்காத கை நடுங்கியது. கையெழுத்து கட்டத்தைத் தாண்டி இரண்டு விரல்கடை வெளியே போனது. பெரியவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க புதுசாம்மா?"

"ஆமாங்க," என்றாள் கொசு. "இன்னைக்குத்தான்."

பெரியவர் மடித்துவிட்ட சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கினார்.