ஹார்கிஸ் வீட்டு வெளுப்பு மூட்டை

அமெரிக்காவின் டல்சா நகரத்தில் ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் கறுப்பர்களின் கிரீன்வுட். லுவீனியா பெட்டிஸ் தன் வீட்டை அங்கே எழுப்பியது அந்தப் பக்கத்து வெள்ளைக்காரர்களின் அழுக்கைக் கொதிக்கவைத்துத்தான். திங்களன்று வெளுப்பு, செவ்வாய் இஸ்திரி, புதன் காலை மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பாதையைத் தாண்டி நடை. தலையில் மூட்டை இருந்தால் போலீஸ்காரன்கூட மறிக்கமாட்டான். அந்த மூட்டையையே காவல் தெய்வமாக நம்பினாள் லுவீனியா.

1921 ஜூனில் ஒரு புதன்கிழமை, விடிந்தும் விடியாமல் துப்பாக்கிச் சத்தம். வெள்ளைக்காரப் பெண்ணைத் தொட்டான் என்று ஒரு கறுப்பு இளைஞன்மேல் பழி. அதற்கு ஊரையே கொளுத்த வந்துவிட்டார்கள்.

"அடியே, தண்டவாளத்தத் தாண்டிட்டானுங்க, ஓடியா!" என்று கத்தினாள் பக்கத்து வீட்டு ஜில்ஃபா.

"நீ போடி. அவங்க துணியே உள்ள கெடக்கு. இந்த வீட்டுல கை வைப்பாங்களா?"

"ஆமாண்டி, உன் வீட்டுக்கு மட்டும் சாமரம் வீசுவானுங்க!" ஜில்ஃபா ஓடிவிட்டாள்.

வாசலில் ஆறேழு பேர். முன்னால் நின்றவன் முகத்தில் கைக்குட்டை, கையில் மண்ணெண்ணெய் டின். காலரைப் பார்த்ததும் ஹார்கிஸ் வீட்டு மகன் என்று லுவீனியாவுக்குத் தெரிந்துவிட்டது. நைந்த காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்தவளே அவள்தான்.

"கர்ட்டிஸ் தொரை! நான் லுவீனியா. உங்க வீட்டுத் துணியெல்லாம் தயாரா இருக்கு."

"என்னடா ஹார்கிஸ், சொந்தக்காரியா?" பின்னாலிருந்து சிரிப்பு.

அவன் காது சிவந்தது. "மூட்டைய வெளிய கொண்டா. அப்புறம் கொளுத்துறோம்."

"அம்மாவோட மேசைத்துணில கறை போச்சான்னு கேளுடா!" மறுபடியும் சிரிப்பு.

உள்ளே போனாள். கட்டிலின்மேல் மூட்டை, கச்சிதமாக மடித்து முடிச்சுப் போட்டது. வெறுங்கையோடு திரும்பினாள்.

"எங்கடி?"

"உள்ள இருக்கு. போய் எடுத்துக்க."

அதற்குள் எவனோ சமையலறைக்குத் தீ வைத்துவிட்டான். கர்ட்டிஸின் துப்பாக்கிக் கட்டை அவள் தாடையில் இறங்கியது.

பட்டாளம் வந்து, ஆயிரக்கணக்கான கறுப்பர்களோடு அவளையும் பொருட்காட்சி மைதானத்தில் அடைத்தார்கள். வெள்ளைக்கார எஜமானர் யாராவது வந்து பொறுப்பேற்றால்தான் விடுதலை. மூன்றாம் நாள் ஹார்கிஸ் சீமாட்டி வந்தாள்.

"வா லுவீனியா, நான் கூட்டிட்டுப் போறேன். வீட்டுல துணி மலையா குவிஞ்சிருக்கு."

வீங்கிய தாடையைப் பிடித்துக்கொண்டு லுவீனியா சொன்னாள்: "இருந்ததையெல்லாம் உங்க மகன் எரிச்சுட்டான். மிச்சத்தையும் அவனையே வெளுக்கச் சொல்லுங்க."

"திமிரப் பாரு! கெட இங்கயே."

கிடந்தாள். கடைசிக் கூட்டத்தோடு வெளியே வந்து, தன் வீடு எரிந்த சாம்பலின்மேலேயே கூடாரம் அடித்தாள். பிறகும் துணிதான் வெளுத்தாள், ஜில்ஃபா வீட்டுத் துணி, தெருக்காரர்கள் துணி. சாகும்வரை ரயில் பாதையைத் தாண்டி ஒரு மூட்டை சுமக்கவில்லை.