அப்பாவின் பெயரில் ஒரு திருத்தம்

பிரித்தானிய மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் என் பெயர் அச்சாகியிருக்கிறது. ஏழு பேரில் நான்காவது. உண்மையைச் சொன்னால் அங்கே இருப்பது என் பெயரல்ல, அப்பாவின் பெயர். எங்கள் வழக்கப்படி என் பெயரோடு சேர்ந்து நின்ற அப்பாவின் பெயரை, நாங்கள் அகதிகளாக வந்து இறங்கிய காலத்தில் ஒரு ஜெர்மன் அதிகாரி குடும்பப் பெயர் என்று பதிந்துவிட்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்திலும் வங்கியிலும் வேலையிலும் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். ஆய்விதழ்களிலோ சொந்தப் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிடும். ஆகவே அந்தக் கட்டுரையில் நான் ஒரு எழுத்து, மிச்சம் முழுக்க அப்பா.

அப்பாவுக்கு இது போதாதா? முதல் பக்கத்தை அச்செடுத்து, தன் பெயரின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து, ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் தன் வீட்டுத் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "மகள் லண்டன் புத்தகத்தில எழுதியிருக்கிறா, ஈரலைப் பற்றி" என்பார். தண்ணீர்க் குழாய் திருத்த வந்த ஜெர்மன்காரரையும் விடவில்லை. யாராவது மேலே கேட்டால், "அது உங்களுக்கு விளங்காது" என்று முடித்துவிடுவார். அவருக்கும் விளங்காது என்பதை நான் சபையில் சொல்வதில்லை.

அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேல் ஜெர்மன் தொழிற்சாலையில் உழைத்தவர், ஆனால் அவருடைய அரசியல் முழுக்க லண்டன் அரசியல். சித்தப்பா அங்கே இடுப்புச் சத்திரசிகிச்சைக்காக வரிசையில் காத்திருக்கிறார். அதனால் அந்த நாட்டுச் சுகாதார அமைச்சர் யாராக இருந்தாலும் அப்பாவுக்கு ஜென்ம விரோதி. யூடியூபில் தமிழில் வரும் பிரித்தானியச் செய்தி ஒன்றையும் தவறவிடமாட்டார். "அங்க பிரதமர் மாறுற வேகத்துக்கு நான் உடுப்புக்கூட மாத்திறேல்லை" என்பார். நான் இங்கே தேர்தலில் வாக்களித்துவிட்டு வந்தால், யாருக்குப் போட்டாய் என்றுகூடக் கேட்கமாட்டார்.

நான் ஆய்வாளர் அல்ல. பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூட உதவியாளர். நோயாளிகள் தரும் இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, சிறு குழாய்களில் அடைத்து, கடுங்குளிரில் வைத்து, கேட்கிற இடத்துக்கு அனுப்புவது என் வேலை. என்னைப் போன்றவர்களைக் கட்டுரையின் கடைசியில் 'நன்றி' என்ற ஒரு வரியில் போடுவார்கள். கலியாண வீட்டில் சமையல்காரரைக் கூப்பிட்டுப் பாராட்டுவது மாதிரி. கோபம் வராமலா இருக்கும்? ஆனால் பழகிவிட்டது.

அந்த வழக்கத்தை உடைத்தவள் லண்டனில் எங்கள் கூட்டாய்வைச் செய்த பெண். யாழ்ப்பாணத்தில் படித்து, லண்டனில் கலாநிதிப் பட்டம் பெற்று, குறித்த கால ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவள். எங்கள் குழாய்களில் இருந்த புரதங்களை அளந்ததும் கட்டுரையை எழுதியதும் அவள்தான். முதல் பெயர் அவளுடையது. என் பெயரை நன்றி வரிக்குத் தள்ளலாம் என்று யாரோ சொன்னபோது, "அக்கா, உங்கட பேர் இல்லாட்டி என்ர பேரும் வேண்டாம் எண்டு சொல்லிப்போட்டன்" என்று கணினித் திரையில் சிரித்தாள். நாங்கள் நேரில் ஒருதரமும் சந்தித்ததில்லை.

பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில், பின்னேரம் நான் கட்டிவிடும் பெட்டி மறுநாள் மதியம் லண்டனில் இருக்கும். விலகிய பிறகு படிவத்துக்கு மேல் படிவம், சுங்கத்தில் ஒரு தரிப்பு, அதற்கு ஒரு கேள்விக் கடிதம். ஒரு நாடு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போனால் போகட்டும், குழாய்கள் உருகாமல் இருக்க நான் போடும் டிரை ஐஸ் என்ன பாவம் செய்தது? இந்த ஆய்வுக்காக இரண்டு பெட்டிகள் அனுப்பினேன். முதலாவது சுகமாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது சுங்கத்தில் மாட்டி ஆறாம் நாள்தான் போனது. நான் போட்டுவிட்ட டிரை ஐஸ் மூன்று நாளுக்குத் தாங்கும். ஆனால் அவள் திறந்தபோது உள்ளே ஐஸ் இருந்தது. "புகை பறக்குது அக்கா, ஒரு பிரச்சினையும் இல்லை" என்றாள்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் வெப்பநிலையைப் பதியும் தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்று வைப்போம். அதை எங்கள் ஆய்வுகூடக் கணினியில்தான் வாசிக்கலாம். இரண்டாவது பெட்டியில் இருந்ததை அவள் திருப்பி அனுப்ப வேண்டும். பற்றரி உள்ள சாமான் என்று தபாலில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள் என்று பயந்து, எங்கள் ஆட்களின் தபால்சேவையில் அனுப்பினாள். அதாவது லண்டனில் ஒரு கலியாணத்துக்குப் போய்த் திரும்பிய வுப்பர்டால் ஆளின் கையில், அப்பா வீட்டுக்கு. கூடவே, தனியாக இருக்கும் என் அப்பாவுக்கு ஒரு பை கறித்தூளும்.

அப்பா தூள் வந்ததைச் சொன்னார். கருவியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சில கிழமை கழித்து, பையில் வேறு ஏதும் இருந்ததா என்று கேட்டேன். "ஒண்டும் இல்லை" என்றார். அப்படியானால் கொண்டுவந்த ஆள் தவறவிட்டுவிட்டார் என்று முடிவு கட்டினேன். அவரிடம் கேட்கவில்லை. ஒரு சதமும் வாங்காமல் சுமந்து வந்து தந்த மனிதரிடம், "இன்னொரு சாமான் எங்கே?" என்று கேட்பது எங்களில் அவரைக் கள்ளன் என்று சொல்வதற்குச் சமம். அவளும் அதே காரணத்துக்காகக் கேட்கவில்லை. ஐஸ் இருந்ததுதானே என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்டோம். மாதிரிகளுக்கான படிவத்தில் 'வெப்பநிலை சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் நான் புள்ளடி போட்டுக் கையெழுத்து வைத்தேன். கட்டுரை வந்தது. அப்பா ஆணி அடித்தார்.

ஒரு வருடத்துக்கு மேல் கழிந்து, அப்பாவின் கடவுச்சீட்டைப் புதுப்பிக்க அலுவலகத்தில் ஒரு டெர்மின், அதாவது சந்திப்பு நேரம், எடுத்திருந்தேன். பத்திரங்கள் எல்லாம் அவர் அறை மேசை லாச்சிக்குள் இருக்கும். பழைய கடவுச்சீட்டுகளுக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் பைக்குள், மூன்று சுற்று நூல் சுற்றி, கருவி கிடந்தது. கறித்தூள் மணத்தது.

"அது லண்டன் பிள்ளை அனுப்பினது. லைற் மின்னிக்கொண்டு கிடந்தது, விலையான சாமானாக்கும் எண்டு பத்திரமா வச்சனான்" என்றார். பிறகு மறந்துபோனாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் லாச்சியை அடித்துச் சாத்தினேன். அவர் முகம் சுருங்கிப்போனது. எங்கள் வீட்டில் பாதுகாப்பதென்றால் பத்திரங்களோடு சேர்த்து வைப்பது என்று அர்த்தம், போரில் வீடு விட்டு ஓடியவர்களின் பழக்கம் அது. அதை நான் யோசிப்பதற்குள் சாத்திவிட்டேன்.

மறுநாள் கருவியைக் கணினியில் செருகினேன். கோடு மூன்று நாள் ஆழத்தில் நேராகப் போனது. பிறகு ஏறியது. ஒரு பகலும் ஒரு இரவும் பூச்சியத்துக்கு மேலே நின்றது. பிறகு மளமளவென்று கீழே விழுந்தது. சுங்கக் களஞ்சியத்தில் யாரோ ஒரு நல்ல மனிதர், ஐஸ் தீர்ந்துவிட்டதைப் பார்த்துப் புதிதாகப் போட்டிருக்கிறார். உருகிய ஐஸ்கிரீமைத் திரும்ப உறையவைத்தால் பார்வைக்கு அதேதான். நாங்கள் அளந்த முக்கியமான புரதம் ஒருதரம் உருகினால் உடைந்துவிடும் வகை. எங்கள் குழாய்களில் மூன்றில் ஒரு பங்கு அந்தப் பெட்டியில்தான் போனது.

அவளை அழைத்துப் படத்தைக் காட்டினேன். அவள் அந்தக் கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு, "வேற ஆருக்கும் சொன்னனீங்களோ, அக்கா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"வாற மாதம் எனக்கு நேர்முகம் இருக்கு. நிரந்தர வேலை. இந்தக் கட்டுரையை வச்சுத்தான் கூப்பிட்டிருக்கினம்." அதற்கு மேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவளுடைய விசா வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடிந்தால் வேறு வேலை தேடக் கொஞ்ச நாள் தருவார்கள், பிறகு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வெளியில் இருந்து வந்தவர்கள் நிரந்தரமாகத் தங்க இன்னும் அதிக வருடம் காத்திருக்க வேண்டும் என்று அந்த நாட்டு அமைச்சர்கள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. அப்பா எனக்கு அதை ஒவ்வொரு நாளும் ஒப்புவித்துக்கொண்டிருந்தார்.

"நேர்முகம் முடியட்டும்" என்று சொன்னது அவளல்ல, நான். அவள் படத்தைத் தனக்கும் அனுப்பச் சொல்லிவிட்டு அழைப்பை முடித்தாள்.

அடுத்த இரண்டு நாளும் என் பேராசிரியரின் கதவுவரை போய்த் திரும்பினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று தெரியும். அவளுக்காகத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அது பாதி பொய். அந்தப் புள்ளடி என்னுடையது. கட்டுரையை இதழ் மீளப் பெற்றால், ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே பெரிய எழுத்தில் 'மீளப் பெறப்பட்டது' என்று பொறித்து அப்படியே இணையத்தில் விட்டுவைப்பார்கள். அப்பாவின் பெயருக்கு மேலே அது கிடக்கும்.

மூன்றாம் நாள் மதியம் அவளே அழைத்தாள்.

"நான் எழுதிப்போட்டன், அக்கா. இதழுக்கும் என்ர மேலதிகாரிக்கும்."

"ஏனம்மா? இன்னும் மூண்டு கிழமைதானே?"

"இண்டைக்குக் காலமை எங்கட கட்டுரையை ஒரு குழு மேற்கோள் காட்டியிருக்கினம். அந்தப் புரதத்தை நம்பி அவையளும் நோயாளியளிட்ட இரத்தம் எடுக்கத் தொடங்கப் போயினமாம். மேற்கோள் வந்தால் நான் துள்ளிக் குதிக்கிறனான், தெரியுமெல்லோ? இண்டைக்கு ஆருக்கும் காட்டேல்லை. வருத்தக்காரர் கையை நீட்டுறது எங்களை நம்பியெல்லோ?"

எனக்கு வெட்கமாக இருந்தது. கையை நீட்டியவர்களை நேரில் பார்த்தவள் நான். நரம்பு அகப்படாமல் மூன்றுதரம் குத்தியும், "பரவாயில்லை, இன்னொருதரம் பாருங்கள்" என்று சொன்ன ஒரு பேருந்துச் சாரதியின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவள் கண்டது குழாய்களை மட்டும். என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவள்.

அன்றே பேராசிரியரின் கதவைத் தட்டினேன். அவர் கருவியைப் பற்றி அதிகம் பேசவில்லை. கையெழுத்தைத்தான் கேட்டார். "ஐஸ் இருந்தது என்பது நீங்கள் கண்டது. வெப்பநிலை சரி என்பது நீங்கள் காணாதது. இரண்டாவதுக்கு ஏன் கையெழுத்து வைத்தீர்கள்?" திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

அப்பாவிடம் சொன்னேன். "எங்கட பேருக்கு மேலயோ எழுதுவினம்?" என்று கேட்டார். ஓம் என்றேன். கதிரையில் ஏறிச் சட்டத்தைக் கழற்றினார். "லாச்சிக்க வச்சது நான்" என்றார். "புள்ளடி போட்டது நான், அப்பா" என்றேன். தொலைக்காட்சிக்கு மேலே ஆணி மட்டும் நின்றது.

அவள் இரண்டாவது பெட்டியை நீக்கிவிட்டு எல்லாக் கணக்கையும் திரும்பச் செய்தாள். முக்கியமான முடிவு பலவீனப்பட்டது, மற்ற இரண்டும் நின்றன. அதனால் இதழ் கட்டுரையை மீளப் பெறவில்லை, ஒரு பக்கத் திருத்தம் வெளியிட்டது. பதிவுக்கருவியை வாசிக்காமலே மாதிரிகளை ஏற்றுக்கொண்டோம் என்று அதில் எழுதியிருந்தது. கீழே அதே ஏழு பெயர்கள்.

நேர்முகத்தில் அவர்கள் கேட்காமலே அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். மரியாதையாகக் கேட்டார்களாம். ஒருவர் எழுந்து வந்து கைகொடுத்தாராம். வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். "அவருக்கு என்னைவிடக் கட்டுரையள் கூட, அக்கா. பிழை சொல்ல ஏலாது" என்றாள். நான் சொன்னேன், அந்தக் கைகொடுத்தவரின் கையை என்னிடம் கொண்டுவா, முறித்துவிடுகிறேன் என்று. அவள் சிரித்தாள். பிறகு அழுதாள். நானும் அழுதேன்.

அன்று அப்பா வீட்டுக்குப் போனபோது செய்தி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஓர் அமைச்சர் விசாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளையின்ர வேலை என்னமாதிரி?" என்று அப்பா கேட்டார்.

"கிடைக்கேல்லை, அப்பா."

அப்பா அமைச்சரின் சத்தத்தை நிறுத்தினார். நான் ஏதாவது திட்டு விழும் என்று பார்த்தேன். "அந்தத் திருத்தம் எண்டு சொன்னியே, அதை எனக்கு ஒருக்கா அச்செடுத்துத் தாறியே?" என்றார். கிழித்துப்போடத்தான் கேட்கிறார் என்று நினைத்து, கொடுக்காமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தொலைக்காட்சிக்கு மேலே இரண்டு சட்டங்கள். பழையது ஒரு பக்கம், பக்கத்தில் திருத்தம். அதிலும் சிவப்புக் கோடு இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். கோடு முதல் பெயரின் கீழே இருந்தது, லண்டன் பெண்ணின் பெயரின் கீழே.

கண்ணாடி போடாமல் கோடு போட்டுவிட்டார் என்று நினைத்தேன். "அப்பா, உங்கட பேர் இதிலயும் நாலாவதுதான்" என்றேன்.

அப்பா குசினிக்குள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். "என்ர பேர் எனக்கு வாசிக்கத் தெரியும், பிள்ளை" என்றார்.