சேற்றுக் கை

தஞ்சாவூரில் ஒரு பயிர்க் காப்பீட்டு அலுவலகத்தில் ஊழியர்களின் செல்போன்களுக்கும் அவற்றிலுள்ள தகவல்களுக்கும் அவர்தான் காவல். ஒல்லியான மனிதர். தன் போன் இருக்கும் சட்டைப்பையை ஊக்கு குத்தி வைத்திருப்பார்.

நான் எதிரே உட்கார்ந்திருந்தபோது, குடவாசலில் வயல் பார்க்கப் போன ஊழியர் யாருடைய போனிலிருந்தோ அழைத்தார்.

"சார், மோட்டார் கொட்டகையில சார்ஜ் போட்டிருந்த போனைக் காணோம்."

"லாக் இருக்குல்ல?"

"சேத்துக் கைக்குத் திறக்கல சார். லாக்கையே எடுத்துட்டேன்."

"விவசாயிங்க ஆதார், பேங்க் கணக்கு எல்லாம் திறந்து கிடக்கு. போன்ல இருக்கறதை எல்லாம் இங்கேருந்தே அழிச்சிடறேன்."

"என் பொண்ணு போட்டோல்லாம் அதுல மட்டும்தான் சார். தேடிப் பாத்துடறேன், பொறுங்க."

அவர் பொறுக்கவில்லை. அழித்துவிட்டார்.

சற்று நேரத்தில் மறுபடி அழைப்பு. மழை வந்ததால் கொட்டகைக்காரரே போனை எடுத்து வைத்திருந்தாராம்.

"கொஞ்சம் பொறுத்திருக்கலாமே?" என்றேன்.

"பொறுத்தா ஆபத்து விவசாயிங்களுக்கு. அவங்களைக் கேக்காம நான் எப்படிங்க பொறுக்கறது?"

ஊக்கைக் கழற்றிக் கழற்றி மாட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அந்தப் பொண்ணுக்கு என்ன வயசிருக்கும்?"