என்டர் பட்டன் மேல் ஒரு நட்டு

இது நடந்த கதை. சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் இதைப் படித்து முடித்த பிறகு உங்கள் கம்ப்யூட்டரில் ஏதாவது ஒரு பெட்டி குதித்து வந்து நின்றால், 'சரி' என்று அமுக்குவதற்கு முன்னால் உங்கள் விரல் கொஞ்சம் தயங்கும். அதற்கு நான் பொறுப்பில்லை.

பேய்க் கதை என்றதும் நடுநிசி, சுடுகாடு, நாய் ஊளை என்றெல்லாம் எதிர்பார்ப்பீர்கள். இதில் அந்தச் சமாச்சாரமே கிடையாது. இது சாயங்காலம் நாலே முக்கால் மணிக்கு, டியூப் லைட் வெளிச்சத்தில், ஆட்கள் நடமாடுகிற இடத்தில் நடந்தது. நடந்தது என் பெரியம்மா மகளுக்கு. அக்கா கதை கட்டுகிற ஆள் இல்லை. சினிமாவில் பேய் வந்தால் மேக்கப் சரியில்லை என்று குறை சொல்கிற ரகம்.

அவளுக்கு ஒரு பழக் கிடங்கில் வேலை. ஆப்பிளும் பேரிக்காயும் மாதக்கணக்கில் கெடாமல் வைத்திருக்கும் இடம். ஒவ்வொரு அறையும் ஒரு வீடு அளவு இருக்கும். உள்ளே கூரை வரை பழக்கூடைகளை அடுக்குவார்கள். கதவைக் காற்றுப் புகாமல் மூடுவார்கள். பிறகு உள்ளே இருக்கிற காற்றைத் துரத்திவிட்டு வேறொரு வாயுவை நிரப்புவார்கள். பழம் தூங்கிவிடும். மனிதன் உள்ளே மாட்டிக்கொண்டால் அவனும் தூங்கிவிடுவான், எழுந்திருக்க மாட்டான்.

வாயுவைத் திறந்துவிடுவது கம்ப்யூட்டர். அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவது அக்கா. அறைக்குள் வண்டி ஓட்டிக் கூடை அடுக்குவது அவள் வீட்டுக்காரர், என் அத்தான். இரண்டு பேருக்கும் ஒரே ஷிப்ட். அதாவது, அக்கா இங்கே அமுக்குகிற ஒவ்வொரு 'சரி'க்கும் அந்தப் பக்கம் அத்தானின் மூச்சு இருந்தது. இதை ஒரு நாளும் மறந்ததில்லை என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்த சாப்ட்வேரை எழுதிய புண்ணியவான் யாரோ தெரியாது. ஓர் அறையை மூடி முடிப்பதற்குள் வரிசையாகப் பெட்டிகள் திரையில் குதிக்கும். ஒன்றுக்காவது அர்த்தம் இருக்க வேண்டுமே! 'செயல் வெற்றிகரமாகத் தோல்வியடைந்தது. சரி.' இப்படி ஒன்று. 'ரத்து செய்ததை ரத்து செய்யவா? சரி. ரத்து.' இப்படி இன்னொன்று. எதை அமுக்கினால் என்ன ஆகும் என்று எழுதியவனுக்கே தெரிந்திருக்காது. அமுக்காமல் விட்டாலோ எல்லா வேலையும் அப்படியே நின்றுவிடும். மேனேஜர் வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்.

அதற்கு அங்கே ஒரு குறுக்கு வழி வைத்திருந்தார்கள். கீபோர்டு பக்கத்தில் ஒரு பெரிய இரும்பு நட்டு கிடக்கும். அதைத் தூக்கி என்டர் பட்டன் மேல் வைத்துவிட வேண்டியது. வருகிற பெட்டிக்கெல்லாம் தானாகவே 'சரி' விழும். நிம்மதியாக டீ குடித்துவிட்டு வரலாம். அக்கா வேலைக்குச் சேர்ந்த அன்றே இதைச் சொல்லிக் கொடுத்தவன் அங்கிருந்த மெக்கானிக். எல்லாரும் அவனை ஸ்பானர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

“அதையெல்லாம் படிச்சா பைத்தியம் பிடிச்சிரும்க்கா. நட்டை வைங்க, போய்க்கிட்டே இருங்க.”

முதலில் நடந்தது சின்ன விஷயம்தான்.

நட்டை வைத்துவிட்டு டீக்குப் போன அக்கா திரும்பி வந்தபோது, நட்டு மேஜை மேல் இருந்தது. திரையில் ஒரு பெட்டி நின்றுகொண்டிருந்தது. 'பிழை 417. அறை 4. எதிர்பாராத உள்ளீடு. சரி.'

நாலாம் அறை அப்போது காலி. கழுவித் துடைத்துச் சும்மா போட்டிருந்தார்கள். அக்கா 'சரி' என்று அமுக்கினாள். வேலையைப் பார்த்தாள்.

மறுநாளும் அதே நட்டு, அதே 417. அதற்கு அடுத்த நாளும். நட்டு தானாக வழுக்கி விழுந்திருக்கலாம். ஆனால் விழுகிற நட்டு உருண்டு கீழே போகும். இது கீபோர்டுக்குப் பக்கத்தில், யாரோ எடுத்து வைத்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அக்கா அதைக் கையில் எடுத்தாள். எடுத்த வேகத்தில் கீழே போட்டாள்.

ஜில்லென்று இருந்தது. குளிர் அறையில் கிடந்த இரும்பு போல. அந்தக் கம்ப்யூட்டர் அறையிலோ மின்விசிறிகூடச் சுடுகாற்றைத்தான் தள்ளும்.

அக்காவின் சந்தேகம் நேராக ஸ்பானர் மேல் போனது. வேறு யார் செய்வார்கள்? ஒரு தடவை அவள் சாப்பாட்டுப் பையில் ரப்பர் பல்லி போட்டவன் அவன். குளிர் அறைகளுக்குள் போய் வருகிறவனும் அவன்தான். அன்றிலிருந்து அவள் அவனைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு கவனித்தாள். அவன் எப்போது எழுந்தான், எந்தப் பக்கம் போனான், கையில் என்ன இருந்தது, எல்லாம் பார்த்தாள். அவன் கையில் எப்போதும் கிரீஸ் அப்பியிருக்கும். நட்டில் மட்டும் ஒரு பொட்டுக் கறை இல்லை. துடைத்து வைக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் நேராகவே கேட்டாள்.

“ஸ்பானர், விளையாட்டுக்கும் ஒரு அளவு இருக்கு.”

“நான் என்னக்கா பண்ணேன்?”

“நட்டை எடுத்து வைக்கிறது நீதானே? நாலாம் ரூம் பிழை வர்ற மாதிரி பண்றதும் நீதானே?”

அவன் முகம் செத்துப்போயிற்று. “நாலாம் ரூமா?” என்றான். போய்விட்டான். திருட்டு முழி முழிக்கிறான் என்று அக்கா முடிவு கட்டிவிட்டாள்.

அடுத்த நாள் டீக்குப் போகும்போது கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்து பூட்டைத் திறந்தாள்.

நட்டு மேஜை மேல்.

பிழை 417.

அக்காவுக்குப் பயம் வரவில்லை. கோபம்தான் வந்தது. சாவிக்கு நகல் எடுத்திருக்கிறான்! அறையில் வேறு யாரும் இல்லை. கதவும் சாத்தியிருந்தது. அவள் திரையைப் பார்த்துக் கத்தினாள். “என்னதான் சொல்ல வர்றே? சனியனே... மனுஷங்களுக்குப் புரியற மாதிரி சொல்லித் தொலையேன்!”

கத்தியதும் அவளுக்கே வெட்கமாகப் போயிற்று. இயந்திரத்தோடு சண்டை போடுகிற நிலைமை வந்துவிட்டதே என்று 'சரி' அமுக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள். யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் 417 வரவில்லை.

வேறு பெட்டி வந்தது. அந்த சாப்ட்வேரில் அவள் பார்த்தே இராத அளவுக்குத் தெளிவான பெட்டி.

'நாலாம் அறைக்குள் ஒருவர் இருக்கிறார். சரி.'

அக்கா அத்தானைக் கூட்டிக்கொண்டு ஓடினாள். டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார்கள். ஒரு ஈ காக்கா இல்லை. வெறும் தரை. வெறும் சுவர். கதவுக்குப் பக்கத்தில், கை உயரத்தில், சுவரில் ஒரு சதுர ஓட்டை மட்டும் இருந்தது. டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள்.

“ஸ்பானர் உன்னை நல்லா ஓட்டறான்” என்று அத்தான் சிரித்தார்.

அதன் பிறகு அந்தப் பெட்டி தினமும் வந்தது. உள்ளே ஒருவர் இருக்கிறார்... உள்ளே ஒருவர் இருக்கிறார்... முதல் நாள் ஓடிய அக்கா, பிறகு நடந்தாள். பிறகு எட்டிப் பார்க்கவும் இல்லை. 'சரி', 'சரி' என்று அமுக்கித் தள்ளினாள். நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம்.

அப்புறம் அந்த நாள் வந்தது.

அன்று நாலாம் அறையை நிரப்பினார்கள். மதியத்துக்குள் கூடைகள் கூரையைத் தொட்டன. நாலரை மணிக்குக் கதவை மூடியாயிற்று என்று வெளியிலிருந்து போனில் சொன்னார்கள். அக்கா மூடும் வேலையைத் தொடங்கினாள். பெட்டிகள் குதிக்க ஆரம்பித்தன. நட்டை எடுத்து என்டர் மேல் வைத்தாள். கம்ப்யூட்டர் அறையைப் பூட்டினாள்.

டீ மெஷின் பக்கத்தில் ஸ்பானர் இருந்தான். நல்லதாகப் போயிற்று என்று அவன் எதிரிலேயே நின்றாள். அவன் குடித்து முடிக்கும் வரை அசையவில்லை. அவனும் நகரவில்லை. இன்றைக்கு நட்டு எப்படி நகர்கிறது பார்க்கலாம் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டாள்.

நாலே முக்கால். பூட்டைத் திறந்தாள்.

நட்டு மேஜை மேல்.

சுற்றிலும் ஈரம். நட்டின் மேல் வெள்ளையாகப் பனி பூத்திருந்தது.

திரையில் அந்தப் பெட்டி. வாயு இன்னும் திறக்கவில்லை. ஒரே ஒரு 'சரி'க்காகக் காத்திருந்தது. அக்காவின் விரல் பழக்கத்தில் என்டர் மேல் போய்விட்டது. லேசாக அழுத்தக்கூடத் தொடங்கிவிட்டது...

அப்போதுதான் படித்தாள்.

'நாலாம் அறைக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். சரி.'

இரண்டு பேர்.

அத்தானுக்குப் போன் போட்டாள். தொடர்பு கிடைக்கவில்லை.

மறுபடி போட்டாள்.

கிடைக்கவில்லை.

ஓடினாள். செருப்பு ஒரு பக்கம் போயிற்று. நாலாம் அறைக் கதவடியில் நின்ற ஆளைப் பார்த்துக் கத்தினாள்.

“கதவைத் திற! திறடா!”

கதவு நகர்ந்தது. சர்ர்ர்... என்ற சத்தம். இருட்டு. குளிர்.

இருட்டுக்குள்ளிருந்து அத்தான் வந்தார். உதடு நீலமாக இருந்தது. கடைசி வரிசையில் சாய்ந்த கூடையை நிமிர்த்தப் போயிருக்கிறார். அவர் வெளியே போய்விட்டார் என்று நினைத்துக் கதவை மூடிவிட்டார்கள். தட்டிய சத்தம் அந்தக் கனமான கதவைத் தாண்டவில்லை.

அக்கா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் திரும்பித் திரும்பி உள்ளே பார்த்தார்.

“கூட ஒருத்தர் இருந்தாரே... அவரும் வந்துட்டாரா?”

தேடினார்கள். கூடை கூடையாக இறக்கித் தேடினார்கள். யாரும் இல்லை.

அக்கா தள்ளாடிக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்கு வந்தாள். திரையில் பெட்டி மாறியிருந்தது.

'நாலாம் அறைக்குள் ஒருவர் இருக்கிறார்.'

கீழே ஒரே ஒரு பட்டன். 'சரி.'

அவள் அதை அமுக்கவில்லை. கம்ப்யூட்டர் பிளக்கையே பிடுங்கிவிட்டு வெளியே வந்தாள்.

அந்த வாரமே சாப்ட்வேர் கம்பெனியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். அறைக்குள் எத்தனை பேர் என்று சொல்கிற வசதி அதில் கிடையவே கிடையாது என்றார். கதவு மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியுமாம். அப்படி ஒரு வாசகத்தை யாரும் எழுதவில்லை. முழுக்கத் தேடிப் பார்த்துவிட்டார்.

“அப்போ 417?” என்று அக்கா கேட்டாள்.

அவர் கொஞ்சம் தடுமாறினார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அமுக்குவதற்கு ஒவ்வொரு அறையிலும் கதவுக்குப் பக்கத்தில் ஓர் அவசரப் பட்டன் வைத்திருந்தார்களாம். அமுக்கினால் வருவதுதான் 417. “வார்த்தையைச் சரியா எழுதாம விட்டுட்டாங்க மேடம். ஆனா உங்க நாலாம் ரூம்ல அந்தப் பட்டனே இல்லையே. கழட்டிட்டாங்களே.”

ஏன் கழற்றினார்கள் என்று சொன்னவன் ஸ்பானர். ஒரு சாவை மூடி மறைக்கத்தானாம். அக்கா வேலைக்கு வருவதற்கு முன்னால் நடந்ததாம். கூடை தூக்குகிற ஒருத்தர் நாலாம் அறையில் மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்தபோது அவர் கை அந்தப் பட்டன் மேலேயே இருந்தது. அமுக்கி அமுக்கி விரல் வீங்கியிருந்தது. இந்தப் பக்கம் ஒவ்வொரு தடவையும் 417 வந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் 'சரி' விழுந்திருக்கிறது.

என்டர் மேல் நட்டு இருந்தது.

அக்கா அந்த வேலையை விட்டுவிட்டாள். அத்தானையும் போகவிடவில்லை. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தாள். பல நாள் கழித்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த அத்தான் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்.

“உள்ளே இருட்டுல சுவரைத் தடவினேன். ஒரு பட்டன் கையில தட்டுப்பட்டுச்சு.”

“அங்க ஓட்டைதானே இருக்கு?”

“பட்டன் இருந்துச்சு. அமுக்கப் போனேன். கூட இருந்தவர் என் கையைப் பிடிச்சிட்டார். ஐஸ் மாதிரி கை...”

“என்ன சொன்னார்?”

“‘அதை அமுக்காதீங்க, அவங்களுக்குப் புரியாது’ன்னார். ‘அந்த அக்கா புரியற மாதிரி சொல்லச் சொன்னாங்க. சொல்லியிருக்கேன். வருவாங்க’ன்னார்.”

அக்கா திரையைப் பார்த்துக் கத்தியது அத்தானுக்குத் தெரியாது. அவள் அதை அவரிடம் சொன்னதே இல்லை.